தழையோடு வாங்குங்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டால் போதும், மறுநாள் அந்த வீட்டு அடுப்படிக்குப் பீட்ரூட் வந்துவிடும். புருஷன்காரர் கச்சிராயபாளையத்தில் இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கல்வராயன்மலை ஏறுவார். மாமியார் அதைச் சீவி, மிக்ஸியில் அடித்து, துணியில் பிழிந்து, டம்ளரோடு மருமகள் முன்னால் வந்து நிற்பார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். சாற்றின் நிறத்தைப் பார்த்தே வீட்டில் பாதிக் கவலை போய்விடும்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மலையடிவாரத்திலும், வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களிலும் கர்ப்பிணிகளின் விரலைக் குத்தி ரத்தம் பார்த்ததும், பார்த்த அளவை அட்டையில் எழுதியதும்தான் என் பிழைப்பு. எல்லாரும் 'நர்சம்மா' என்பார்கள். மலையில் ஒரு மாமியார் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

"நர்சம்மா, தெனம் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு குடுக்கறன். அப்புறம் இந்த மாத்தர எதுக்கு? அத முழுங்கினா வயித்தப் பெரட்டுது, வெளிக்கி கறுப்பாப் போவுதுன்னு புள்ள அழுவுது."

"சாறு குடுங்கம்மா, வேணாங்கல. ஆனா மாத்தர செய்யற வேலய அது செய்யாது."

"செவப்பா இருக்குதே?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், யூடியூப் வைத்தியர் என்று எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறுமாம்.

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் பச்சைப் பீட்ரூட்டில் இரும்புச்சத்து சுமார் 0.8 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 27 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பீட்ரூட்டை மட்டும் நம்பினால் தினமும் மூன்றே கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பீட்ரூட் கணக்கில் அது ஏழரைக் கிலோ. அதிலும் செடிகொடிகளில் உள்ள இரும்பை நம் குடல் முழுதாக எடுத்துக்கொள்ளாது, பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒரு காயின் நிறத்தை நம்பி மாத்திரையைத் தாழ்வாரத்து எறவாணத்தில் செருகி வைப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். எறவாணத்தில் செருகிய மாத்திரை அட்டைகளை நானே எத்தனையோ வீடுகளில் உருவி எடுத்திருக்கிறேன்.

பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலெய்ன் என்ற நிறமி வகை. அதில் முக்கியமானது பீட்டானின். ரத்தத்தின் சிவப்போ ஹீமோகுளோபினில் உள்ள இரும்பைச் சார்ந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கத்தரிக்காய்த் தோல், நாவல்பழம் இவற்றின் நிறம்கூட வேறு வகை. பீட்ரூட்டின் நிறமியை நம் ஊரிலேயே வேறு எங்கே பார்க்கலாம் என்றால், சிவப்புத் தண்டுக்கீரையில், வேலியோரக் காகிதப்பூவில், சப்பாத்திக்கள்ளிப் பழத்தில். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் கள்ளிப்பழத்தைத் தின்றுவிட்டு வாயெல்லாம் சிவக்க நிற்பார்களே, அதே வகைச் சாயம்தான். கடையில் விற்கும் ஐஸ்கிரீம், தயிர் வகைகளில் இ162 என்று அச்சிட்டிருந்தால் அது பீட்ரூட்டிலிருந்து எடுத்த நிறம்.

இந்தச் சாயத்தால் ஒரு பயமும் வரும். சாறு குடித்த மறுநாள் காலையில் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போக, வயிற்றுப்பிள்ளைக்காரி அலறியடித்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடிவருவாள். பத்துப் பேரில் ஒருவருக்கு, சில கணக்கில் அதற்கும் சற்றுக் கூடுதலானவர்களுக்கு, இப்படிப் போகும். ரத்தசோகை உள்ளவர்களிடம் இது அதிகம். அவளிடம் முதலில் கேட்க வேண்டியது "நேத்து என்ன சாப்பிட்ட?" என்பதுதான். பீட்ரூட் என்றால் ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாம். அதன் பிறகும் சிவப்பாகவே போனாலோ, பீட்ரூட் பக்கமே போகாதவருக்கு அப்படிப் போனாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றுவலியோ ரத்தப்போக்கோ சேர்ந்திருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அதற்காகப் பீட்ரூட்டை ஒன்றுமில்லாத காய் என்று தள்ளிவிட முடியாது. கர்ப்பிணிக்கு அதனால் உள்ள உண்மையான உதவி ஃபோலேட் என்ற வைட்டமின். 100 கிராமில் சுமார் 109 மைக்ரோகிராம். கர்ப்பிணியின் அன்றாடத் தேவை 570, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒரு கிண்ணம் பீட்ரூட் கொடுத்துவிடும். வயிற்றில் கரு தங்கிய முதல் நாலு வாரத்துக்குள் குழந்தையின் நரம்புக் குழாய் மூடிக்கொள்ள இந்தச் சத்து வேண்டும். கர்ப்பம் என்று உறுதியாவதற்குள் அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே, கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டிய காய் இது. ஆறாம் மாதம் ரத்தம் குறைவு என்று சொன்ன பிறகுதான் நம் வீடுகளில் ஆரம்பிக்கிறார்கள். ஃபோலேட் குறைந்தாலும் ஒரு வகை ரத்தசோகை வரும் என்பதால், ரத்தத்துக்கு நல்லது என்ற பேச்சில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் இரும்புக் குறைவுக்கு இரும்புதான் வேண்டும்.

இரும்பு எங்கே என்றால் மலையிலேயே இருக்கிறது. கல்வராயன்மலையில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைகிறது. கொள்ளில் 100 கிராமுக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை மில்லிகிராம் அளவுக்கு. கொல்லையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும், முளைக்கீரையும் தண்டுக்கீரையும் தாவரக் குடும்பத்தில் பீட்ரூட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. காசு கொடுத்துப் பீட்ரூட் வாங்கிக்கொண்டு மலையேறும் வழியிலேயே இந்தக் கீரையை மாடு மேய்ந்துகொண்டு நிற்கும். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. மலையில் மரவள்ளி போடுகிறவர்கள் அதை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிவிட்டு, வந்த காசில் டீத்தூளும் சர்க்கரையும் வாங்கி வருகிறார்கள். களி தின்ற வாயோடு டீ. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பீட்ரூட்டில் நாம் தின்னாமல் விடுகிற பகுதிதான் அதிகச் சத்துள்ளது. தழையைச் சொல்கிறேன். 100 கிராம் தழையில் இரும்பு இரண்டரை மில்லிகிராம், கிழங்கைப்போல் மூன்று மடங்கு. சுண்ணாம்புச்சத்து 117 மில்லிகிராம், கிழங்கில் 16தான். வைட்டமின் ஏ-க்கான சத்து கிழங்கில் இல்லையென்றே சொல்லலாம், தழையில் நிறைய. வைட்டமின் சி-யும் ஆறு மடங்கு. மத்தியதரைக்கடல் ஓரத்தில் காட்டுச்செடியாக இருந்த காலத்தில் மனிதர்கள் முதலில் பறித்துத் தின்றது இதன் இலையைத்தான். கிழங்கு பெருத்தது பிற்பாடு. நம் ஊருக்கு ஊட்டி, ஓசூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களிலிருந்து மூட்டை கட்டி வரும்போது தழையை வயலிலேயே திருகிப் போட்டுவிடுகிறார்கள். சரக்கு வாடாமல் இருக்க அது நல்லதுதான், கிழங்கின் ஈரத்தைத் தழை உறிஞ்சிவிடும். பக்கத்து ஊர் விவசாயி உழவர் சந்தைக்குக் கொண்டுவரும்போது மட்டும் கட்டாகத் தழையோடு கிடைக்கும். வாங்குகிற நம் பெண்களோ, "தழய ஒடிச்சுட்டுக் குடுங்க, எடையில வருது" என்பார்கள். ஒடித்த தழை தராசுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். கடைசியில் அது பசுமாட்டுக்கு.

கல்வராயனில் வீட்டுக் கொல்லையில் போட்டுப் பார்க்கலாம். பீட்ரூட்டுக்குக் குளிர் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஊன்றினால் தை மாசிக் குளிரோடு எடுத்துவிடலாம். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'ஊட்டி 1' ரகம் நாலு மாதத்துப் பயிர். வீட்டுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், எலுமிச்சை அளவு பருத்ததுமே பிடுங்கலாம், இளசாக இருக்கும். விதை என்று நாம் ஊன்றுவது ஒற்றை விதை இல்லை, காய்ந்த ஒரு கொத்து. ஒன்று ஊன்றினால் இரண்டு மூன்று நாற்று எழும்பும். அப்படியே விட்டால் ஒன்றையொன்று நெருக்கிக் கிழங்கே வைக்காது. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிக் கலைக்க வேண்டும். கலைத்ததை எறிய வேண்டாம், அதுதான் முதல் கீரை.

இந்த மாவட்டத்துக்குப் பீட்ரூட்டோடு இன்னொரு கிண்டலான உறவும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் வைத்திருக்கிற கரும்பு பூமி இது. பீட்ரூட்டின் உடன்பிறப்பான வெள்ளைக் கிழங்கு ஒன்று கரும்புக்கே போட்டி. 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் அந்தக் கிழங்கில் இருப்பது கரும்புச் சர்க்கரையேதான் என்று கண்டார். அவருடைய மாணவர் ஆஹார்ட் 1801 வாக்கில் அதற்கென்று முதல் ஆலையைக் கட்டினார். ஆங்கிலேயரோடு நடந்த சண்டையில் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வரத்து நின்றுபோனபோது நெப்போலியன் 1811இல் அந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி உத்தரவே போட்டார். இன்றைக்கு உலகச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்ப சுகர்காரங்க தொடக் கூடாதா?" தொடலாம். ஆலைக்கிழங்கில் எடையில் 16, 18 விழுக்காடு சர்க்கரை இருக்கும். நாம் பொரியல் செய்கிற சிவப்புக் கிழங்கில் 7 விழுக்காடுகூட முழுதாக இல்லை, கூடவே நார்ச்சத்தும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டில் ஒரு கரண்டிப் பொரியலால் ஒன்றும் ஆகாது. சாறு பிழிந்தால்தான் சங்கடம். மூன்று கிழங்கின் இனிப்பு ஒரு டம்ளரில் இறங்கிவிடும், நார் சக்கையோடு போய்விடும். அதிலும் தேன் ஊற்றிக் குடிக்கிறவர்களை என்ன சொல்ல? மலைத்தேனே ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

பிரஷர் உள்ளவர்கள் விஷயம் வேறு. இங்கே பீட்ரூட்டுக்கு ஆராய்ச்சியின் துணை இருக்கிறது. மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சித் தேக்கி வைக்கும் காய் இது. நாம் தின்றதும் நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, எச்சிலில் திரும்பி வந்து, நாக்கின் மேலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாக மாறுகிறது. அதை விழுங்கினால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. 2008இல் லண்டனில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களுக்கு அரை லிட்டர் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மேல் அளவு பத்துப் புள்ளி வரை இறங்கியது. சாறு குடித்தபின் எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை! 2015இல் அதே லண்டனில் பிரஷர் நோயாளிகளுக்கு நாலு வாரம் தினம் கால் லிட்டர் கொடுத்ததில் எட்டுப் புள்ளி அளவுக்குக் குறைந்தது. நிறுத்தியதும் பலனும் நின்றது. அதனால் மாத்திரையை விட்டுவிட்டுப் பீட்ரூட்டுக்கு மாற வேண்டாம். மாத்திரையோடு உணவாகச் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் சாறாகக் குடிப்பதென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும், ஏனென்றால் கிழங்கிலும் தழையிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் கெட்டுப்போய்ப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இனி அடுப்படி. பிள்ளைகள் பீட்ரூட்டைத் தள்ளிவைக்கக் காரணம் அதன் மண்வாசம். வெறும் கற்பனையில்லை, மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளே பீட்ரூட்டிலும் இருக்கிறது. புளிப்பு பட்டால் அது அடங்கிவிடும். எலுமிச்சையோ புளியோ தயிரோ, ஏதாவது ஒன்று சேர வேண்டும். நம் வீட்டுப் பொரியலில் இது விட்டுப்போவதால்தான் தட்டில் ஒதுங்குகிறது. புளிப்புக்கு இன்னொரு வேலையும் தெரியும், நிறத்தைக் காப்பாற்றும். வடை மொறுமொறுப்பாக வர ஆப்ப சோடா போட்டீர்களானால் சிவப்பு செத்துப் பழுப்பு மஞ்சளாக நிற்கும்.

தோலைச் சீவி நறுக்கி, தண்ணீரில் வேகவிட்டு, அந்தச் சிவப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிற பழக்கம்தான் பெரிய நஷ்டம். ஃபோலேட் தண்ணீரில் கரைவது. வேகவைத்த பீட்ரூட்டில் அது 109இலிருந்து 80க்கு இறங்கிவிடுகிறது. முழுசாக, தோலோடு, காம்பில் ஒரு விரல்கடை விட்டு, வால் வேரை நறுக்காமல் குக்கரில் வையுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு நாலைந்து விசில். ஆறியதும் கையால் தேய்த்தாலே தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் தங்கிய தண்ணீரைச் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசைந்தால் நான் பார்த்த அங்கன்வாடிப் பிள்ளைகள் "ரோஸ் ரொட்டி" என்று பிடுங்கித் தின்றன. வெந்ததைத் துருவித் தயிரில் கலந்து, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டினால் பச்சடி. கேரளத்தில் ஓணத்துக்கு இதையே தேங்காயும் கடுகும் அரைத்துவிட்டுக் கிச்சடி என்பார்கள். இலங்கையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கறியாக வைக்கிறார்கள். உக்ரைன்காரர்களுக்கு போர்ஷ் என்ற சிவப்புச் சூப் உயிர். 2022இல் அது யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறியது. நம் பழைய சமையல் மட்டும் இதைப் பாதிதான் சேர்த்துக்கொண்டது. திவசத்தன்று பல வீடுகளில் இன்னும் பீட்ரூட்டும் கேரட்டும் 'இங்கிலீஷ் காய்' என்று வெளியே நிற்கும்.

பொரியல் செய்கிறவர்கள் இரும்புச் சட்டியை எடுங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும், பரவாயில்லை. கடலைப்பருப்பை அரை வேக்காடாக எடுத்து வைத்துக்கொண்டு, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவிய பீட்ரூட்டைப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி, சிறுதீயில் பத்து நிமிடம். அதிலேயே ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றிச் சுண்டவிட்டால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் காயில் இறங்கும். இறக்கும்போது பருப்பும் தேங்காய்த் துருவலும். ரத்தம் குறைந்த வீட்டுக்குப் பீட்ரூட்டால் இரும்பு வேண்டுமென்றால் இப்படித்தான் வரும்.

தழையை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். கிழங்கு ஈரம் படாமல் வாரக்கணக்கில் கிடக்கும், தழை மறுநாளே துவண்டுவிடும். நாலைந்து தண்ணீரில் அலசுங்கள், காம்பிடுக்கில் மண் ஒளிந்திருக்கும். சிவப்புக் காம்பைத் தனியே பொடியாக நறுக்கி முதலில் வதக்கி, பிறகு இலையைப் போடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், இரண்டு பச்சைமிளகாய், ஒரு தக்காளி சேர்த்து, தண்ணீர் விடாமல் மூடி வேகவைத்து, மத்தால் கடையுங்கள். வேகவைத்த கொள்ளு ஒரு பிடி இருந்தால் அதையும் போட்டுச் சேர்த்துக் கடையலாம், மலையில் அப்படித்தான் எனக்குப் பரிமாறினார்கள். உப்பு கடைசியில் போடுங்கள். பீட்ரூட் தழையில் இயற்கையாகவே உப்பு கூடுதல், முதலிலேயே போட்டால் கரித்துவிடும். கேழ்வரகுக் களிக்குக் கெட்டியாகவும், சாமைச் சோற்றுக்குச் சற்று நீர்க்கவும் எடுத்துக்கொள்ளலாம்.